பிக்கப்பை மாத்தலாமா, வேண்டாமா? விலை குறைந்த எலெக்ட்ரிக் கிட்டாருக்குச் சில பரிசோதனைகள்

(எபிசோடின் திருத்திய எழுத்து வடிவம்)

இந்த வாரம் ஒரு நேயரோட கேள்வியில இருந்தே ஆரம்பிச்சிடறேன். கல்லூரியில இரண்டாம் வருஷம் படிக்கிற தம்பி. 12,000 ரூபாய்க்கு ஒரு எலெக்ட்ரிக் கிட்டார் வாங்கி ஒரு வருஷம் ஆகுது. சவுண்ட் பிடிக்கலை. பள்ளிப் பசங்களுக்கு டியூஷன் எடுத்து 8,000 ரூபாய் சேர்த்து வச்சிருக்கார். "அண்ணா, இந்தக் காசுக்கு நல்ல பிக்கப் வாங்கிப் போட்டா கிட்டார் நல்லா ஆயிடுமா?"

டியூஷன் காசு. அதனால சட்டுனு ஆமா, இல்லைன்னு சொல்ல எனக்கு மனசு வரலை. இதே கேள்விக்கு நான் ஒரு தடவை தப்பா பதில் கண்டுபிடிச்சவன்.

அந்தக் கதையை முதல்ல சொல்லிடறேன். கல்லூரி நாள்ல என்கிட்ட ஒரு செகண்ட் ஹேண்ட் கிட்டார் இருந்தது. ஆம்ப்ல சொருகினா போதும், "ங்ங்ங்..."னு ஓயாத இரைச்சல். மலிவான பிக்கப், அதான் இப்படின்னு முடிவு பண்ணிட்டேன். கிட்டார் விலையில பாதிக்கு மேல கொடுத்து புது செட் வாங்கினேன். ராத்திரி முழுக்க உட்கார்ந்து நானே சால்டர் பண்ணினேன். சொருகினேன். அதே இரைச்சல். ஒரு துளி குறையலை.

இரண்டு நாள்ல கல்லூரி விழா. பயந்து போய் ஒரு ரிப்பேர் கடைக்கு ஓடினேன். அங்கே இருந்த அண்ணன் மீட்டரை வச்சு ஒரு நிமிஷம் பார்த்தார். பிரிட்ஜுக்கு அடியில போகிற எர்த் வயர் தொடாம தொங்கிட்டு இருந்தது. அதைச் சரியா வச்சதும் இரைச்சல் அடங்கிடுச்சு. "ஒரு வயருக்கா தம்பி இவ்வளவு செலவு பண்ணே?"ன்னு சிரிச்சார். 150 ரூபாய்தான் வாங்கினார். எனக்குச் சிரிப்பு வரலை.

அப்போ எனக்குத் தெரியாம இருந்தது ஒண்ணே ஒண்ணுதான்: பிக்கப் எதைச் செய்யும், எதைச் செய்யாது. அதைப் பார்ப்போம்.

பிக்கப்புக்குள்ள பெரிய ரகசியம் எதுவும் இல்லை. காந்தம், அதைச் சுத்தி தலைமுடி மாதிரி மெல்லிய செம்புக் கம்பி. ஒரு சாதாரண சிங்கிள் காயில்ல அந்தக் கம்பி ஏறக்குறைய 8,000 சுற்று சுத்தியிருக்கும். மேலே இருக்கிற ஸ்டீல் ஸ்ட்ரிங் அதிரும்போது காந்தப் புலம் மாறும், காயில்ல சின்ன மின்சாரம் உருவாகும். ஸ்கூல்ல படிச்ச ஃபாரடே விதிதான். அந்த மின்சாரம் வால்யூம், டோன் பொட்டுகளைத் தாண்டி, கேபிள் வழியா ஆம்புக்குப் போகுது.

மலிவான சிங்கிள் காயில்ல பெரும்பாலும் சாதாரண ஸ்டீல் துண்டுகளை வச்சு, அடியில ஒரு செராமிக் காந்தப் பட்டையை ஒட்டியிருப்பாங்க. விலை கூடினதுல ஒவ்வொரு துண்டுமே அல்னிகோ காந்தமா இருக்கும். அதாவது அலுமினியம், நிக்கல், கோபால்ட் கலந்த உலோகம். இரண்டுக்கும் ஒலியில வித்தியாசம் உண்டு, அதை நான் மறுக்கலை. ஆனா செராமிக்னாலே மட்டம்னு அர்த்தம் இல்லை. ஹெவி மெட்டலுக்குன்னே செய்கிற விலை உயர்ந்த பிக்கப் பலதிலும் செராமிக்தான் இருக்கு.

இப்போ பரிசோதனைகள். காசு செலவே இல்லாததுல இருந்து தொடங்கலாம்.

முதல்ல, இரைச்சல் எப்போ வருதுன்னு கவனிங்க. கையை எடுத்தா இரைச்சல், ஸ்ட்ரிங்கைத் தொட்டா குறையுதுன்னா எர்த் வயர் சரியா இருக்கு. உள்பக்கம் செம்பு டேப் ஒட்டி ஷீல்டிங் பண்ணினாலே ஓரளவு அடங்கும். தொட்டும் குறையலை, இல்லைன்னா இன்னும் கூடுதுன்னா, எனக்கு நடந்த அதே வயர் கதையா இருக்கலாம். நீங்க திரும்பி உட்காரும்போது இரைச்சல் கூடிக் குறையுதா? அப்போ சுத்தி இருக்கிற டிரான்ஸ்ஃபார்மர், அடாப்டர் மாதிரி பொருள்கள்ல இருந்து வர்ற 50 ஹெர்ட்ஸ் காந்தப் புலத்தைக் காயில் பிடிக்குது. சிங்கிள் காயிலோட பிறவிக் குணம் அது. விலை உயர்ந்த சிங்கிள் காயில் போட்டாலும் போகாது. இதுக்காகத்தான் கிப்ஸன் நிறுவனத்துல சேத் லவர் ஹம்பக்கரை வடிவமைச்சு, 1955ல காப்புரிமைக்கு விண்ணப்பிச்சார். எதிரெதிரா வேலை செய்கிற இரண்டு காயில். இரைச்சல் ஒண்ணை ஒண்ணு அழிச்சிடும், ஸ்ட்ரிங்கோட ஒலி மட்டும் கூடும்.

நடுவுல ஒரு எச்சரிக்கை. ஸ்ட்ரிங்கைத் தொட்டதும் கையில சுருக்குனு ஷாக் அடிச்சா, அது பிக்கப் விஷயமே இல்லை. உடனே வாசிப்பை நிறுத்திட்டு, எலெக்ட்ரீஷியனை வச்சு ஆம்பையும் பிளக் பாயிண்டோட எர்த்தையும் பாருங்க. பழைய ஃப்ளாட்ல இருக்கிறவங்க இதை அலட்சியம் பண்ணாதீங்க.

அடுத்தது, குமிழைத் திருகும்போது "கரகர"ன்னா பொட்டுல தூசி. காண்டாக்ட் கிளீனர் அடிச்சா பெரும்பாலும் சரியாகும். கேபிளை அசைக்கும்போது விட்டு விட்டு வந்தா கேபிளையும் ஜாக்கையும் பாருங்க. இதுக்கும் பிக்கப்புக்கும் சம்பந்தம் இல்லை.

மூணாவது, பிக்கப்போட உயரம். இதை நிறைய பேர் தொடறதே இல்லை. ஸ்ட்ரிங்கைக் கடைசி ஃப்ரெட்ல அழுத்திப் பிடிச்சுட்டு, பிக்கப்புக்கும் ஸ்ட்ரிங்குக்கும் நடுவுல இருக்கிற இடைவெளியை அளந்து பாருங்க. சிங்கிள் காயிலுக்கு 2 மில்லிமீட்டர் நல்ல ஆரம்பம். ரொம்பக் கிட்ட இருந்தா காந்தம் ஸ்ட்ரிங்கை இழுத்து சுருதியே கோணலாக் கேட்கும். ரொம்பத் தள்ளி இருந்தா சவுண்ட் சோர்ந்து போகும். ஒரு ஸ்க்ரூ டிரைவர், பத்து நிமிஷம். "என் பிக்கப் செத்துப் போச்சு"ன்னு சொன்ன ஒரு ஃப்ரெண்டோட கிட்டாருக்கு நான் பண்ணின வைத்தியம் இது மட்டும்தான்.

நாலாவது, ஸ்ட்ரிங் எப்போ மாத்தினீங்க? நம்ம ஊர் வியர்வைக்கும் கடற்காத்துக்கும் ஸ்ட்ரிங் சீக்கிரம் துருப்பிடிச்சு மந்தமாயிடும். சில நூறு ரூபாய் செலவுதான். அதோட 12ஆவது ஃப்ரெட்ல ஹார்மோனிக்கும் அழுத்தி வாசிக்கிற ஸ்வரமும் ஒண்ணா இருக்கான்னு ட்யூனர்ல பாருங்க. இல்லைன்னா கிட்டாருக்கு செட்டப் தேவை. சுருதி விலகறது, ஃப்ரெட்ல ஸ்ட்ரிங் உரசி அதிர்றது, ட்யூனிங் நிக்காதது, இது எதையும் எந்தப் பிக்கப்பும் சரி பண்ணாது.

இப்போ என்னைப் பொறுத்தவரை முக்கியமான பரிசோதனை. மணிக்கணக்குல வாடகைக்கு விடற ஜாம் ரூம் ஒண்ணுக்கு உங்க கிட்டாரை எடுத்துட்டுப் போங்க. அங்கே இருக்கிற பெரிய ஆம்ப்ல சொருகி வாசிங்க. முடிஞ்சா ஃப்ரெண்டோட நல்ல கிட்டாரை வீட்டுக்குக் கொண்டு வந்து உங்க சின்ன ஆம்ப்லயும் வாசிச்சுப் பாருங்க. உங்க கிட்டார் அங்கே அழகாவும், நல்ல கிட்டார் உங்க வீட்ல சுமாராவும் கேட்டா, குற்றவாளி பிக்கப் இல்லை. உங்க ஆம்ப். நாம கடைசியில கேட்கிறது ஸ்பீக்கரைத்தானே?

"மலிவு பிக்கப்னா மட்டம்"ங்கிற எண்ணத்துக்கு ஒரு பதிலும் சொல்லணும். 1950கள்ல அமெரிக்காவுல நேதன் டேனியல் நடத்தின டான்எலெக்ட்ரோ, லிப்ஸ்டிக் குழாய்க்குள்ள பிக்கப்பை வச்சு மலிவு கிட்டார் செஞ்சது. அந்த டான்எலெக்ட்ரோவை ஜிம்மி பேஜ் மேடையில வாசிச்சிருக்கார். இன்னும் ஒரு படி மேல போனவர் ஸ்லைடு கிட்டார் மேதை ரை கூடர். ஜப்பான்ல செஞ்ச டீஸ்கோங்கிற மலிவு கிட்டாரோட கோல்ட் ஃபாயில் பிக்கப்பை எடுத்து, தன்னோட ஸ்ட்ராட்டோகாஸ்டர்ல பொருத்தினார். அவர் விலையைப் பார்க்கலை. தனக்கு என்ன ஒலி வேணும்னு அவருக்குத் தெரிஞ்சிருந்தது.

நமக்கும் அதுதான் அளவுகோல். "நல்லா இல்லை"ன்னு மட்டும்தான் சொல்ல முடியுதுன்னா, இப்போதைக்கு வேண்டாம். "பிரிட்ஜ் பிக்கப் காதைக் குத்துது, டோனைக் குறைச்சுப் பார்த்தேன், உயரத்தை இறக்கிப் பார்த்தேன், வேற ஆம்ப்லயும் அப்படியே இருக்கு" இப்படிச் சொல்ல முடிஞ்சா, தாராளமா மாத்துங்க. கெயின் ஏத்தினதும் பிக்கப்பே கீச்சுனு கத்துதுன்னாலும் மாத்தலாம். உள்ளே மெழுகு சரியா இறங்காத பிக்கப் அப்படிக் கத்தும்.

மாத்தறதுன்னு முடிவு பண்ணிட்டா சில குறிப்புகள். செட்டா வாங்காதீங்க, அதிகம் வாசிக்கிற இடத்துக்கு ஒண்ணு மட்டும் வாங்கிப் பாருங்க. அளவும் ஸ்ட்ரிங் இடைவெளியும் பொருந்துதான்னு வாங்கறதுக்கு முன்னாடியே பாருங்க. சிங்கிள் காயிலுக்கு 250 கிலோ ஓம் பொட், ஹம்பக்கருக்கு 500, இதுதான் வழக்கம். கழட்டின பழைய பிக்கப்பைத் தூக்கிப் போடாதீங்க. நாளைக்குக் கிட்டாரை விக்கும்போது புது பிக்கப்போட விலையை யாரும் சேர்த்துத் தர மாட்டாங்க. பழசைத் திரும்பப் போட்டுக் கொடுத்துட்டு, புதுசை அடுத்த கிட்டாருக்கு வச்சுக்கலாம்.

என் பழைய பிக்கப் இன்னும் ஒரு டப்பாவுல இருக்கு. போன மாசம் அதைத் திரும்பப் போட்டு வாசிச்சு, புதுசோட சேர்த்து ரெக்கார்ட் பண்ணினேன். தனியா, டிஸ்டார்ஷன் இல்லாம கேட்டா வித்தியாசம் தெரியுது. புதுசுல மேல் ஸ்வரங்கள் தெளிவா இருக்கு. டிரம்ஸ், பேஸ் சேர்ந்ததும் எது எதுன்னு எனக்கே கண்டுபிடிக்க முடியலை.

அதனால தம்பி, உங்களுக்கு என் பதில் இது. முதல் வாரம் புது ஸ்ட்ரிங், பிக்கப் உயரம், ஒரு செட்டப். 8,000ல பெரும்பகுதி அப்படியே இருக்கும். அடுத்து ஜாம் ரூம்ல ஒரு மணி நேரம். அங்கேயும் பிடிக்கலைன்னா என்ன பிடிக்கலைன்னு ஒரே ஒரு வரி எழுதிப் பாருங்க. எழுத முடிஞ்சா பிக்கப் வாங்குங்க. எழுத முடியலைன்னா காசு பத்திரமா இருக்கட்டும், ஒரு நல்ல ஆம்புக்கு அது முன்பணம்.

அந்த ஒரு வரியை எனக்கும் அனுப்புங்க. அடுத்த எபிசோட்ல பேசுவோம்.