நாணயச் சந்தையில் வங்கியின் வலிமை

உலக நாணயச் சந்தையில் 2022 ஏப்ரலில் நாளொன்றுக்குச் சராசரியாக 7.5 இலட்சம் கோடி டாலர் கைமாறியதென்று பன்னாட்டுத் தீர்வு வங்கி கணக்கிட்டது. அதில் ஏறத்தாழ 38 விழுக்காடு பிரிட்டனில், பெரும்பாலும் இலண்டனில் நடந்தது. இந்த வணிகத்தில் பவுண்டின் பங்கு டாலருக்கு வெகுதொலைவில் பின்தங்கியிருந்தும் இலண்டன் முதலிடம் வகிப்பதற்கு, ஆசியச் சந்தைகள் அடங்கும் வேளையையும் நியூயார்க் விழிக்கும் வேளையையும் ஒரே வேலைநாளில் தொடும் அதன் அமைவிடமும், பிரிட்டன் 1979இல் அந்நியச் செலாவணிக் கட்டுப்பாடுகளை நீக்கியதும் முக்கியக் காரணங்களாகும்.

ஆயினும் இலண்டனில் கிளை திறந்த ஒவ்வொரு வங்கியும் வென்றுவிடுவதில்லை. நாணயத்தின் ஏற்ற இறக்கத்தை முன்கூட்டிக் கணிக்கும் திறமையே இலாபம் தருகிறது என்ற பொது எண்ணத்துக்கு மாறாக, பெரிய வங்கியின் நிலையான வருவாய், அது வாங்கும் விலைக்கும் விற்கும் விலைக்கும் உள்ள சிறு இடைவெளியிலிருந்தே பெரிதும் வருகிறது. யூரோவை விற்க வரும் ஏற்றுமதியாளரும் அதையே வாங்க வரும் இறக்குமதியாளரும் ஒரே வங்கியின் வாடிக்கையாளர்களாக இருந்தால், வங்கி வெளிச்சந்தைக்குப் போகாமல் இரு தேவைகளையும் தன்னுள்ளேயே ஈடுசெய்துகொள்கிறது. வாடிக்கையாளர் குறைந்த வங்கியோ அந்த யூரோவை வேறொரு வங்கியிடம், அது கேட்கும் இடைவெளியைக் கொடுத்து வாங்க நேர்கிறது. ஆகவே வாடிக்கையாளர் பெருகப் பெருக இடைவெளியைக் குறைக்க முடிகிறது. குறைந்த இடைவெளி மேலும் வாடிக்கையாளரை ஈர்க்கிறது. விலையை நொடிக்கும் குறைவான நேரத்தில் புதுப்பிக்கும் கணினி அமைப்புகளுக்கான பெருஞ்செலவும் இந்தப் பெருக்கத்தில்தான் ஈடாகிறது.

இவை எல்லாவற்றுக்கும் அடிப்படை நம்பகத்தன்மை. 1974 ஜூன் 26 அன்று ஜெர்மனியின் ஹெர்ஸ்டாட் வங்கி மூடப்பட்டபோது, அதற்கு மார்க் நாணயத்தைச் செலுத்திவிட்ட வங்கிகள் நியூயார்க்கில் பெறவேண்டிய டாலரைப் பெறவில்லை. இத்தகைய இடரைக் கருதியே வங்கிகள் ஒன்றுக்கொன்று கடன் வரம்பு வகுத்து, வலுவான மூலதனம் உடைய வங்கிக்கே பெரிய வரம்பை அளிக்கின்றன. 2002இல் தொடங்கிய சிஎல்எஸ் அமைப்பு இரு நாணயங்களையும் ஒரே நேரத்தில் கைமாற்றி அந்த இடரைக் குறைத்தது.

வாடிக்கையாளர் திரளும் இடத்திலேயே வணிகம் பெருகும் என்ற விதி இந்திய ரூபாயிலும் செயல்படுகிறது. ரூபாய் கைமாறாமல், விலை வேறுபாட்டை மட்டும் டாலரில் தீர்த்துக்கொள்ளும் ஒப்பந்தங்கள் சிங்கப்பூரிலும் இலண்டனிலும் நெடுங்காலமாகப் பெருகி நடந்துவந்தன. குஜராத்தின் கிஃப்ட் நகரப் பன்னாட்டு நிதிமையத்தில் பிரிவு வைத்துள்ள வங்கிகள் அச்சந்தையில் பங்கேற்க ரிசர்வ் வங்கி அனுமதித்தது 2020 ஜூன் 1 முதல்தான்.