கஞ்சாவும் வளரும் மூளையும்: ஸ்கேன் சொல்லாத செய்தி

வளரிளம் பருவத்து மகனை மனநலப் பிரிவுக்கு அழைத்து வரும் பெற்றோர் பலர் எங்களிடம் முதலில் வைக்கும் வேண்டுகோள் இதுவே: "மூளையை ஸ்கேன் எடுத்துப் பாருங்கள் டாக்டர், கஞ்சாவால் கெட்டுவிட்டதா என்று தெரிய வேண்டும்." அதற்கு நேரான விடை தருவதே இக்கட்டுரையின் நோக்கம்.

மூளையின் வளர்ச்சி பள்ளிப் படிப்போடு முடிவதில்லை. ஏறத்தாழ 25 வயது வரை தொடர்கிறது. நெற்றிக்குப் பின்னால் உள்ள முன்மூளைப் புறணி கடைசியாக முதிர்கிறது. பின்விளைவை எண்ணிப் பார்ப்பதும் ஆசையை அடக்குவதும் அதன் பணிகள். இப்பருவத்தில், வயலில் களை எடுப்பது போல, பயன்படாத நரம்பிணைப்புகள் நீக்கப்படுகின்றன. எனவே புறணி சற்று மெலிவது இயல்பே. இப்பணியை ஒழுங்குபடுத்துவதில் மூளை தானே உண்டாக்கும் சில வேதிப்பொருள்களுக்கும் பங்குண்டு. அவற்றுள் ஒன்றுக்கு 1992-இல் 'ஆனந்தம்' என்ற சொல்லைக் கொண்டு 'ஆனந்தமைடு' எனப் பெயரிட்டனர். கஞ்சாவின் போதைப்பொருளான டி.எச்.சி. அதே ஏற்பிகளைப் பற்றிக்கொண்டு இவ்வொழுங்கில் குறுக்கிடுகிறது.

ஐரோப்பாவில் 799 இளையோரை 14 வயதிலும், ஐந்தாண்டுகள் கழித்தும் எம்.ஆர்.ஐ. எடுத்து ஒப்பிட்ட ஆய்வு 2021-இல் வெளியானது. தொடக்கத்தில் அவர்களுள் எவரும் கஞ்சாவைத் தொட்டதில்லை. பின்னர்ப் பயன்படுத்தியோரின் முன்மூளைப் புறணி கூடுதலாக மெலிந்திருந்தது. பயன்பாடு மிகுந்த அளவுக்கு மெலிவும் மிகுந்தது. எனினும் இது பலரைச் சேர்த்துப் பார்த்தபோது தெரிந்த சிறு வேறுபாடு. மதுப்பழக்கத்தைக் கணக்கில் கொண்ட வேறு சில ஆய்வுகளில் வேறுபாடு தென்படவில்லை. ஆகவே, ஒரு பிள்ளையின் ஸ்கேனைக் கொண்டு கஞ்சாவின் பாதிப்பை அளவிட இயலாது. வலிப்பு, தலைக்காயம் போன்ற காரணம் இருந்தால் மட்டுமே ஸ்கேன் எடுக்கச் சொல்கிறோம். ஸ்கேன் இயல்பாக இருந்தால், தொடர்ந்து புகைக்கலாம் என்று பொருளன்று.

நாங்கள் அஞ்சுவது மனநோயையே. சுவீடனில் இராணுவப் பணிக்கு அழைக்கப்பட்ட 45,000-க்கும் மேற்பட்ட இளைஞர்களைத் தொடர்ந்து கவனித்த ஆய்வு 1987-இல் வெளிவந்தது. 50 முறைக்கு மேல் கஞ்சா பயன்படுத்தியோருக்குப் பிற்காலத்தில் மனச்சிதைவு நோய் ஏறத்தாழ ஆறு மடங்கு மிகுதியாகக் காணப்பட்டது. பிற காரணங்களையும் கணக்கிட்டபோது இவ்விகிதம் குறைந்தது; ஆனால் தொடர்பு நீங்கவில்லை. குடும்பத்தில் மனநோய் உள்ளவர்களுக்கு ஆபத்து கூடுதல். காதில் குரல் கேட்பது, காரணமற்ற சந்தேகம், பல இரவுகள் உறக்கமின்மை ஆகியவை தோன்றினால் அன்றே அழைத்து வாருங்கள்.

'சிவமூலிகைதானே, கெடுதல் செய்யாது' என்னும் பேச்சு நம் ஊர் இளைஞரிடையே உண்டு. ஊமத்தையும் சிவனுக்குச் சூட்டும் பூவே. அதன் காயை யாரும் உண்பதில்லை.

பழக்கத்தை நிறுத்திய முதல் வாரத்தில் எரிச்சலும் உறக்கமின்மையும் பசியின்மையும் மிகும். பெரும்பாலும் இரண்டு வாரங்களில் தணியும். இதனைத் திமிர் என எண்ணி அடிக்காதீர்கள். மறதி, கவனக்குறைவு போன்றவை நிறுத்திய பின் பலருக்குக் குறைகின்றன. எனவே காலம் கடந்துவிட்டதெனக் கைவிட வேண்டாம். ஆலோசனைச் சிகிச்சையே இதற்கு முதன்மையான மருந்து. அதில் குடும்பத்தாரின் பொறுமை பாதி.

காவல்துறைக்கு அஞ்சி மறைக்கவும் வேண்டாம். சிகிச்சை நாடுவது குற்றமன்று. சிறு அளவு தொடர்பான வழக்கில் சிக்கியவரும், அங்கீகாரம் பெற்ற மருத்துவமனையில் தாமே முன்வந்து சிகிச்சை பெற்றால் விலக்குப் பெற 1985-ஆம் ஆண்டுப் போதைப்பொருள் சட்டத்தின் 64-ஏ பிரிவு வழி செய்கிறது.

நேரில் வரத் தயங்குவோர் போதை மீட்புக்கு 14446, மனநல ஆலோசனைக்கு 14416 ஆகிய கட்டணமில்லா எண்களை அழைக்கலாம். மகன் வர மறுத்தால், முதலில் பெற்றோர் மட்டும் வந்து எங்களிடம் பேசுங்கள்.