மைனர் கையில் வாடகைக் கார்

தகப்பனார் வாடகைக்கு எடுத்த காரைப் பதினாறு பிராயத்துப் பிள்ளை ஓட்டிச் சென்று எவர்மீதேனும் மோதிவிட்டால், பொறுப்பு யாருடையது? 'சிறுவன்தானே, சட்டம் மன்னித்துவிடும்' என்று எண்ணும் பெற்றோர் நம்மிடையே இல்லாமலில்லை. சிறுவனிடம் சட்டம் இரக்கம் காட்டலாம். சாவியைக் கொடுத்தவரிடம் காட்டாது.

நமது தேசத்தின் 1988-ஆம் வருஷத்து மோட்டார் வாகனச் சட்டப்படி, 18 வயது நிரம்பாதவர் கார் ஓட்டலாகாது. 2019-இல் திருத்தமாகச் சேர்க்கப்பட்ட 199-ஏ பிரிவு இன்னும் கடுமையானது. மைனர் வண்டியோட்டிக் குற்றமிழைத்தால், அவனுடைய பாதுகாவலரோ வண்டியின் சொந்தக்காரரோ குற்றவாளியாகக் கருதப்படுவார். 3 வருஷம் வரை சிறைவாசம். 25,000 ரூபாய் அபராதம். வண்டியின் பதிவு 12 மாதம் ரத்தாகும். பையனுக்கு 25 வயது வரை லைசென்ஸ் கிடையாது. 'எனக்குத் தெரியாமல் நடந்தது' என்றால், அதை அவரே ருசுப்படுத்த வேண்டும்.

நஷ்டஈட்டின் கதை வேறு. 2004-இல் ஸ்வரண் சிங் வழக்கில் சுப்ரீம் கோர்ட்டார் வகுத்த வழிப்படி, லைசென்ஸ் இல்லாதவர் ஓட்டிய வண்டியானாலும் அடிபட்டவருக்கு இன்ஷியூரன்ஸ் கம்பெனி முதலில் பணம் செலுத்த நேரலாம். பிறகு, நிபந்தனையை மீறவிட்ட சொந்தக்காரரிடம் அதனை வசூலிக்கலாம். சொந்தக்காரரோ, வாடகை ஒப்பந்தத்தில் கையொப்பமிட்ட தகப்பனாரைத் தேடி வருவார்.

பணத்தையாவது ஈடு செய்யலாம். வீதியில் நடந்து சென்றவரின் உயிரை எவ்வாறு ஈடு செய்வோம்? பிள்ளை சாவியைக் கேட்கும்போது, 'இன்னும் இரண்டு வருஷம் பொறு' என்று சொல்லும் உறுதி நமக்கு வேண்டும்.