வீட்டிலும் ஒரு கூட்டம் போடுவோமா?



குழுக் கூட்டத்தில் மனம்விட்டுப் பேசுகிறோம். வீட்டுக்காரரிடம் அப்படிப் பேசி எத்தனை நாளாச்சு?

தாம்பரம் பக்கம் பல வீடுகளில் இதே கதைதான். ஒருவர் மெப்ஸ் ஷிப்டுக்குக் கிளம்பும்போது மற்றவர் மின்சார ரயிலில் வந்து இறங்குகிறார். நடுவில் "கேஸ் தீந்துபோச்சு", "டியூ கட்டணும்" என்பதோடு பேச்சு முடிகிறது. பத்து வருடம் இப்படியே ஓடினால் ஒரே வீட்டில் இருந்தும் தூரமாகிவிடுகிறோம்.

நம் குழு விதிகளையே வீட்டிலும் வைப்போம்.

* தினமும் பத்து நிமிடம், டிவி, செல்போன் இல்லாமல் உட்காருவோம்.
* ஒருவர் பேசும்போது மற்றவர் குறுக்கே பேசக் கூடாது. அவர் மனக்கஷ்டத்தையும் கேட்போம்.
* கடன் கணக்குக்குத் தனி நாள் வைப்போம். கடனை மறைத்தால் நம்பிக்கை போய்விடும்.
* "நீங்க எப்பவுமே இப்படித்தான்" என்றால் சண்டை வரும். "எனக்கு அசதியா இருக்கு, கொஞ்சம் பக்கத்துல உக்காருங்க" என்றால் மனசு இளகும்.
* தாம்பத்திய ஆசையைச் சொல்வதில் வெட்கமில்லை. "இன்னிக்கு வேணாம்" என்று சொல்லவும் நமக்கு உரிமை உண்டு.

அடி, மிரட்டல் உள்ள வீட்டில் பேச்சு மட்டும் போதாது. உடல், பாலியல் கொடுமையோடு, கேவலமாகத் திட்டுவதும் செலவுக்குப் பணம் தராமல் வதைப்பதும்கூட 2005-ஆம் ஆண்டு குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டப்படி வன்முறைதான். பெண்கள் உதவி எண் 181. கட்டணம் இல்லை. இரவு பகல் எந்நேரமும் கூப்பிடலாம்.

இன்றைக்கே பத்து நிமிடம் தொடங்குவோம். எப்படிப் போச்சு என்று அடுத்த கூட்டத்தில், விருப்பமுள்ளவர்கள் சொல்லுங்கள்.