அறிவியல் நகரின் பின்கதவு

முறிகண்டிப் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைச்சாச்சா? கச்சானும் வாங்கியாச்சா? அப்ப வாங்கோ! ஏ-9 வீதியில் கிளிநொச்சிப் பக்கமாக ஏறினால் அறிவியல் நகர். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் விவசாயம், பொறியியல், தொழில்நுட்பம் என மூன்று பீடங்கள் இங்கேதான். முன்வாசலை பஸ்ஸில் போகிற எல்லாரும் பார்த்திருப்பீர்கள். இது யார் யாருடைய காசில் ஓடுது என்று பார்க்கத்தான் இன்றைக்குப் பின்கதவால் நுழைகிறோம். அம்மாடி, எவ்வளவு பெரிய கூட்டம்!

விவசாய பீடம் 1990இல் கிளிநொச்சியில் பிறந்தது. போர் அதை யாழ்ப்பாணத்துக்கு விரட்டியது. 2014இல் திரும்பி வந்தது. அதே ஆண்டில் பொறியியல் பீடமும் முதல் அணி மாணவர்களோடு தொடங்கியது. இரண்டுக்கும் கட்டடம், கருவிகள் என்று இந்தியா கொடுத்த நன்கொடை 600 மில்லியன் இலங்கை ரூபாய். ஜப்பான், தன் உதவி நிறுவனமான ஜைக்கா வழியாக விவசாய ஆராய்ச்சிக்கும் பயிற்சிக்கும் ஒரு வளாகம் கட்டித் தந்தது. நோர்வே வந்ததுதான் எனக்குப் பிடித்த கதை. பேர்கனில் இருக்கும் பேராசிரியர் தயாளன் வேலாயுதபிள்ளையின் முயற்சியால் சூரியக்கல ஆய்வுக்கு அந்த நாட்டு நிதி கிடைத்தது. வன்னி வெயிலை இவ்வளவு காலமும் திட்டித்தான் பழக்கம். இப்போது அதைப் படிக்கவே காசு வருகிறது!

ஆனால் உண்மையான இரகசியம் கிளிநொச்சி பஸ் நிலையத்தடியில் லொத்தர் வாங்கிக்கொண்டு நிற்கிறது. ஆமாம், லொத்தர்! 1981இல் அமைச்சர் லலித் அத்துலத்முதலி தொடங்கிய மகாபொல நிதியத்துக்கு முதலில் கண்காட்சி வருமானமும், பிறகு அரச லொத்தர் வருமானத்தில் ஒரு பங்கும் போய்ச் சேர்ந்தன. அதிலிருந்துதான் பல்கலைக்கழகப் பிள்ளைகளுக்கு மாத உதவி. பரிசு விழாத சீட்டைக் கிழித்துப் போட்டுவிட்டுப் போகிற அண்ணைக்குத் தானும் ஒரு கொடையாளி என்று யாராவது சொல்லுங்கோவன். அந்த உதவி பல ஆண்டுகள் 5,000 ரூபாயாக இருந்தது. 2022இன் நெருக்கடி விலைவாசியில் அது எத்தனை நாள் சாப்பாட்டுக்குக் கண்டிருக்கும் என்று விடுதிப் பிள்ளைகளைக் கேட்டால் சிரிப்பார்கள். படிப்பு இலவசம்தான், சோறும் பஸ் காசும் இலவசமில்லையே.

படிப்புக்குக் கொடுக்கும் இந்தப் பழக்கம் இன்று நேற்று வந்ததல்ல. இந்தப் பீடங்களின் தாய்வீடான யாழ்ப்பாணத் திருநெல்வேலி வளாகம், சேர் பொன்னம்பலம் இராமநாதன் 1921இல் தன் செல்வத்தைப் போட்டு எழுப்பிய பரமேஸ்வராக் கல்லூரி இடத்தில்தான் 1974இல் முளைத்தது. கடல் கடந்தும் கை நீளும். ரொறன்ரோப் பல்கலைக்கழகத்தின் ஸ்காபரோ வளாகத்தில் தமிழ் இருக்கைக்காக 30 லட்சம் டொலர் இலக்கு வைத்து புலம்பெயர்ந்த தமிழர் 2021இல் சேர்த்தே முடித்தார்கள். பாராட்டத்தான் வேண்டும். ஆனால் 2021 ஓகஸ்ட் 1ஆம் தேதி தனிப் பல்கலைக்கழகமான வவுனியாவை, பம்பைமடுவில் இருக்கும் அந்த இளையதை, எத்தனை பேர் நினைத்தார்கள்? அதற்கு இராமநாதனும் இல்லை, தலைமுறை தலைமுறையாகப் பழைய மாணவரும் இல்லை.

இன்னொரு பின்கதவுச் செய்தி. கட்டடத்துக்குக் கொடுப்பவரின் பெயர் கல்லில் ஏறும்; நாடா வெட்டு விழா நடக்கும், படம் பேப்பரில் வரும். ஆய்வுகூட இரசாயனத்துக்கும் பழுதான கருவியின் உதிரிப்பாகத்துக்கும் கொடுப்பவருக்கு விழாவும் இல்லை, வடையும் இல்லை. என்னைக் கேட்டால் இவர்தான் பெரிய கொடையாளி.

லண்டனிலோ ரொறன்ரோவிலோ இருந்து இதை வாசிக்கிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த முறை கொடுக்கும்போது, "புதுசா என்ன வேணும்?" என்று பீடாதிபதியைக் கேட்காதேயுங்கோ. "போன முறை வந்ததில எது பழுதாக் கிடக்குது?" என்று கேட்டு, அதைத் திருத்தக் காசு அனுப்புங்கோ.