பஞ்சு போன்ற பனி 10 ராணுவ வீரர்களை விழுங்கியது எப்படி?

சதுரகிரி அடிவாரத்துக்கும் அதில் பாடம் உண்டு!

வ.புதுப்பட்டியில் பனி என்றால் மார்கழிப் பனிதான். தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு வயலுக்குப் போனால், வெயில் ஏறியதும் பனி போன இடம் தெரியாது. "பனி என்ன பண்ணும்? சளி புடிக்கும், அம்புட்டுத்தான்!" என்பார்கள்.

ஆனால் இமயமலைப் பனி ஆளையே விழுங்கும்!

2016 பிப்ரவரி 3-ந் தேதி அதிகாலை. லடாக் பகுதியில் உள்ள சியாச்சின் பனிமலை. 19 ஆயிரம் அடிக்கு மேல் 19-வது மெட்ராஸ் பட்டாளத்தின் காவல் முகாம். அதில் 10 வீரர்கள் இருந்தனர்.

திடீரென்று ராட்சத பனிச்சுவர் சரிந்தது. 10 பேரும் உயிரோடு புதைந்தனர். அவர்களில் 4 பேர் தமிழ்நாட்டுப் பிள்ளைகள். ஒருவர் பக்கத்து மதுரை மாவட்டத்துக்காரர்.

மோப்ப நாய்களுடன் தேடினார்கள். 6-வது நாள், சுமார் 25 அடி ஆழத்தில் கர்நாடக வீரர் அனுமந்தப்பா மட்டும் உயிரோடு கிடந்தார். நாடே பிரார்த்தனை செய்தது. பலன் இல்லை. பிப்ரவரி 11-ந் தேதி டெல்லி ராணுவ ஆஸ்பத்திரியில் அவரும் இறந்தார்.

சரிவது ஏன்?

மலைச்சரிவில் பனி அடுக்கு அடுக்காகப் படிகிறது. நடுவில் ஓர் அடுக்கு பிடிப்பு இல்லாமல் சர்க்கரை போல உதிரியாக இருந்தால் ஆபத்து! மேலே புதுப்பனி பாரம் ஏறும். காற்றும் பனியை அள்ளிவந்து கொட்டும். தாங்க முடியாதபோது மொத்தமாக வழுக்கிவிடும். 30 முதல் 45 டிகிரி வரை உள்ள சரிவுதான் பொல்லாதது. அங்கே ஒரு ஆள் கால் வைத்தாலே போதும்!

புதைந்தவரை 15 நிமிடத்துக்குள் தோண்டி எடுத்தால் பெரும்பாலும் பிழைப்பார். அரை மணி தாண்டினால் மூச்சு முட்டிவிடும். அதனால்தான் 1969-ல் மணாலியில் பனிச்சரிவு ஆய்வு நிலையம் தொடங்கப்பட்டது. அந்தப் பணி இப்போது சண்டிகாரில் உள்ள ராணுவ ஆராய்ச்சி நிலையத்திடம் உள்ளது. ஆபத்து என்று எச்சரிக்கை வந்தால், அந்தச் சரிவுப் பக்கம் போகக்கூடாது.

இங்கே தண்ணீர்!

சதுரகிரியில் பனிச்சரிவு கிடையாது. காட்டாற்று வெள்ளம் உண்டு. 2015 மே மாதம் அமாவாசை தரிசனத்துக்குப் போன பக்தர்கள் திடீர் வெள்ளத்தில் பரிதாபமாகப் பலியானார்கள்.

அடிவாரத்தில் வெயில் அடிக்கும். உச்சியில் கொட்டிய மழை ஓடை வழியே பாய்ந்து வரும். பனியோ, தண்ணீரோ, மேலே சேரும் பாரம் கீழே நிற்பவன் கண்ணுக்குத் தெரியாது.

தாணிப்பாறையில் வனத்துறையினர் தடுத்தால், "சாமி பாத்துக்குவாரு" என்று மல்லுக்கட்ட வேண்டாம். ஓடையில் வெள்ளம் வந்தால் இறங்கவே கூடாது.

மலை எங்கேயும் ஓடிவிடாது. அமாவாசை அடுத்த மாதமும் வரும்!