அடிசனிடம் பயின்ற இருவர்

1640இல் மாசசூசெட்ஸில் அச்சான சங்கீத நூல் தொடங்கி, அமெரிக்கக் குடியேறிகளின் எழுத்து நெடுங்காலம் சமயப் பொழிவுகளையும் வரலாற்றுக் குறிப்புகளையும் சார்ந்தே இருந்தது. அன்றாட வாழ்வைப் பேசும் உரைநடை அங்கு வேர்கொண்ட கதையை அறிய விரும்புவோர், பாஸ்டனில் தன் அண்ணனின் அச்சுக்கூடத்தில் தொழில் பழகிய பெஞ்சமின் பிராங்க்ளினிடம் செல்ல வேண்டும்.

லண்டனில் ஜோசப் அடிசனும் ரிச்சர்ட் ஸ்டீலும் 1711இல் தொடங்கிய ‘ஸ்பெக்டேட்டர்’ இதழின் தொகுதி ஒன்று அவருக்குக் கிடைத்தது. அதிலுள்ள கட்டுரைகளின் கருத்துகளைச் சிறு குறிப்புகளாக எடுத்து, சில நாள் கழித்து அவற்றைத் தம் சொற்களில் விரித்தெழுதி, மூலத்தோடு ஒப்பிட்டுப் பிழை திருத்தினார். கதைகளைச் செய்யுளாக்கி, மூலம் மறந்தபின் மீண்டும் உரைநடையாக்கினார். குறிப்புகளைக் கலைத்துப் போட்டு, கருத்துகளை ஒழுங்குபடுத்தும் முறையையும் கற்றார். 1722இல், பதினாறு வயதில், கைம்பெண் ஒருவரின் பெயரில் அவர் எழுதிய கடிதங்கள் அண்ணனின் இதழிலேயே வெளிவந்தன. பிறரைப் பார்த்து எழுதிப் பழகுவதை இழிவாகக் கருதுவோர் இந்த உழைப்பை எண்ணிப்பார்க்க வேண்டும்.

அதே அடிசன், ஏறத்தாழ இருநூறு ஆண்டுகளுக்குப் பின், மறைமலையடிகள் வழியாகத் தமிழுக்கும் வந்தார். சென்னைக் கிறித்தவக் கல்லூரியில் 1898 முதல் 1911 வரை தமிழாசிரியராக இருந்த அடிகள், அடிசனின் கட்டுரைகளைத் தழுவிச் ‘சிந்தனைக் கட்டுரைகள்’ என்னும் நூலை உருவாக்கினார். தழுவல் என்பது மூலத்தின் கருத்தை எடுத்துக்கொண்டு, தம் மொழிக்கும் மக்களுக்கும் ஏற்ப அமைத்தெழுதுவது. தமிழில் உரையாசிரியர்களின் செறிந்த நடையும் ஆறுமுக நாவலரின் தெளிந்த நடையும் முன்பே இருந்தன என்றாலும், பொது வாசகரிடம் ஒரு சிந்தனையை நிதானமாக விரித்துரைக்கும் தனிக்கட்டுரைக்கு இத்தகைய முயற்சிகள் பெருந்துணை புரிந்தன.

பழகியதோடு நின்றுவிடாமல், தமக்குரிய மொழியை வகுத்துக்கொள்ளும் வேட்கை அடுத்து எழுந்தது. நோவா வெப்ஸ்டர் 1828இல் வெளியிட்ட அகராதி, அமெரிக்கர்களின் சொல்வழக்குக்கும் எழுத்துமுறைக்கும் தனி மதிப்பைத் தேடித்தந்தது. பல்லாவரத்தில் குடியேறியிருந்த அடிகள் 1916இல் தனித்தமிழ் இயக்கத்தைத் தொடங்கினார். வெப்ஸ்டரின் வேலையைவிட அடிகளின் வேலை கடினமானது. பிறமொழிச் சொல்லின்றி எழுதுவதென உறுதிபூண்ட அவர், புதிய நூல்களோடு அமையாமல், தாம் முன்பு வடசொல் கலந்து எழுதிப் புகழ்பெற்ற நூல்களையும் மறுபதிப்புகளில் திருத்தி எழுதினார்.